வெயிலில் காய்ந்த நீலத் தொப்பிகள்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் குடியிருப்பின் பழுப்புக் குப்பைத் தொட்டியை நகராட்சிக்காரர்கள் காலி செய்யாமல் விட்டுவிட்டுப் போனார்கள். கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. எட்டுக் குடும்பங்களுக்குப் பொதுவான தொட்டி. மாலைக்குள் எட்டுக் குடும்பமும் அந்த அட்டையைப் படித்துவிட்டது. ஜெர்மனியில் ஒருவரைத் தலைகுனிய வைக்க யாரும் சத்தம் போட வேண்டியதில்லை.

ராஜபாளையத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். இங்கே குப்பைக்கு நான்கு தொட்டிகள். காகிதத்துக்கு நீலம், பொட்டலங்களுக்கு மஞ்சள், மக்குவதற்குப் பழுப்பு, எதிலும் சேராததற்குக் கறுப்பு. தயிர் டப்பாவை மூடியோடு போடக்கூடாது. இரண்டும் வேறு வேறு பொருள். மனைவி போன பிறகு மகளிடம் வந்து சேர்ந்த முதல் மாதமே நான் இந்த விதிகளை எல்லாம் படித்து, ஓர் அட்டவணை தயாரித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிற மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?" என்றாள்.

நான் முப்பத்தோரு வருடம் ராஜபாளையத்து நூற்பாலையில் தரக் கட்டுப்பாடு பார்த்தவன். கடைசிப் பத்து வருடம் அந்தப் பிரிவுக்குத் தலைவன். அட்டவணை இல்லாத சுவரைப் பார்த்தால் எனக்குக் கை நமநமக்கும்.

ஆகவே சிவப்பு அட்டையைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். மேல்வீட்டுக்காரர் மீது சந்தேகம். மூன்றாம் நாள் குடியிருப்பு நிர்வாகத்திடமிருந்து புகைப்படத்தோடு ஒரு கடிதம் வந்தது. பேத்தி நிலாவுக்குப் பதினைந்து வயது. அவள் படித்துச் சொன்னாள்.

"தாத்தா, உள்ள பிளாஸ்டிக் இருந்துச்சாம். வெள்ளையா, குட்டிக் குட்டியா. இலையோட மிக்ஸ் ஆகியிருக்கு."

"நம்ம வீட்டுல இருந்து போயிருக்காது. நான் பார்த்துத்தான் போடுறேன்."

அவள் புகைப்படத்தை என் பக்கம் திருப்பினாள். "இது நம்ம லெமன் இலை. இது நீங்க அது மேல போர்த்துனது. வேற யார்கிட்டயும் லெமன் இல்ல, தாத்தா."

சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். அவள் என்னோடு பேசுகிற தமிழ் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் இருக்கிற சொற்களை வைத்தே ஒரு விசாரணையை முடிக்கத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் குடியிருப்புக் காவலரிடம் நேரில் போய் ஒப்புக்கொள்வதுதான் முறை என்று நினைத்தேன். ஜெர்மன் வாக்கியத்தை வீட்டிலேயே ஐந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே போய் நின்றதும், 'அந்த பிளாஸ்டிக் என்னுடையது' என்பதற்குப் பதிலாக 'நான் பிளாஸ்டிக்' என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்கிற பாவனையில் தோளைத் தட்டி அனுப்பினார்.

2

மகள் பால்கனியில் வளர்க்கிற எலுமிச்சைச் செடிக்குக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளைப் போர்வை போர்த்த வேண்டும். தோட்டக் கடையில் சுருளாக விற்கிறார்கள். பார்த்தால் துணி மாதிரி இருக்கும்; துணி இல்லை. நெய்யாமல், மெல்லிய பிளாஸ்டிக் இழைகளைப் பரப்பி, சூட்டில் அழுத்தி ஒட்டியது. பாலிபுரப்பிலீன். வசந்தம் வந்ததும் எடுத்திருக்க வேண்டும். எனக்கு மூட்டுவலி, கோடை முழுவதும் அது செடியின் மேலேயே கிடந்தது. கிளை வெட்டிய அன்று இலைகளோடு அதுவும் துணுக்குத் துணுக்காகப் போயிருக்கிறது.

காவலரைப் பார்த்துவிட்டு வந்து, மிச்சமிருந்த போர்வையைக் கையில் எடுத்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. விரல்களைத் தேய்த்தால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. காற்றில் அடுத்த வீட்டுப் பால்கனிக்குப் பறந்தது.

பாலிபுரப்பிலீனைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசுவேன். தண்ணீரைக் குடிக்காது. சாயத்தைப் பிடிக்காது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். பூச்சி அரிக்காது, மண் தின்னாது. மிக நல்ல பிள்ளை. ஒரே ஒரு பகை, வெயில். பாதுகாப்பு மருந்து சேர்க்காத சரக்கை வெயிலில் போட்டால் அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துகொண்டே வரும். அறுந்து அழிந்துபோனால் நல்லது. அழியாது. சின்னதாகும், இன்னும் சின்னதாகும். கண்ணுக்குத் தெரியாமல் போவதை நாம் ஒழிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அது வயலிலும் கண்மாயிலும் மாட்டின் வயிற்றிலும் மீன் செவுளிலும் இருந்துகொண்டுதான் இருக்கும்.

இதையெல்லாம் கல்லூரியில் படித்தேன், ஆலையில் புதிதாக வந்தவர்களுக்குப் பாடமாகவும் எடுத்தேன். அன்று பால்கனியில் விரல்களில் ஒட்டிய தூளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானே எழுதிய ஒரு பத்தி முழுதாக நினைவுக்கு வந்தது.

'பஞ்சு பொறுக்கும் பிரிவில் பணியாளர் அனைவரும் தலைமுடி உதிர்ந்து கலவாதிருக்க நீலத் தொப்பி அணிய வேண்டும். நபருக்கு மாதம் ஒரு தொப்பி. தொப்பியைத் தூய்மையாக வைத்திருப்பது பணியாளரின் பொறுப்பு.'

அந்தத் தொப்பியும் இதே பொருள். ஒரு நாள் போட்டுவிட்டு எறிவதற்காகச் செய்தது. அதை மாதம் ஒன்று என்று எழுதியவன் நான். தூய்மையாக வைத்திரு என்று ராஜபாளையத்துப் பெண்களிடம் சொன்னால் என்ன செய்வார்கள்? துவைப்பார்கள். துவைத்து எங்கே போடுவார்கள்?

3

எங்கள் ஆலைக்கு வரும் பஞ்சில் பஞ்சைத் தவிர எல்லாமே வரும். உரச்சாக்கின் நார், பாக்குப் பொட்டலத்தின் உறை, பேல் மூட்டை கட்டிய பிளாஸ்டிக் கயிறு, முடி, கோழி இறகு. காட்டில் பறிக்கும்போதே சேர்ந்துவிடுகிறது. மற்றதெல்லாம் பாதகமில்லை, பிளாஸ்டிக்தான் எமன். ஓர் உரச்சாக்கு நார் இயந்திரத்துக்குள் போனால் ஆயிரம் துண்டாகி நூலெங்கும் பரவும். நூலில் தெரியாது. துணியாக்கிச் சாயம் போட்ட பிறகு, சாயம் ஏறாமல் கீற்றுக் கீற்றாக நிற்கும். மொத்தத் துணியும் திரும்பி வரும்.

அதனால் பஞ்சை மேடையில் கொட்டி, பெண்களை இருபுறமும் நிறுத்திக் கையாலேயே பொறுக்க வைப்போம். பொறுக்கியதை ஆளுக்கொரு டப்பாவில் போட வேண்டும். சாயங்காலம் எடை போடுவோம். அதில் தினமும் முதலாவது பேச்சியம்மாள்தான். வ. புதுப்பட்டிக்காரி. வத்திராயிருப்பு வழியாக வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆலை பஸ் பிடிப்பாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைப் பஞ்சில் வெள்ளைச் சாக்கு நாரைப் பார்க்காமலேயே எடுப்பாள். "கண்ணுக்குத் தெரியாது சார், விரலுக்குத் தெரியும். பஞ்சு ஈரத்த வாங்கும். இது வாங்காது, வழுக்கும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கினாள். நான் பாடத்தில் எழுதி வைத்திருந்த அதே குணம்.

தொப்பி வந்த மூன்றாம் மாதம் ஒரு புகார் வந்தது. மெரூன் சாயம் போட்ட துணியில் வெளிர்நீலக் கீற்றுகள். வாங்கியவர் துணித் துண்டையும் ஒரு படிவத்தையும் அனுப்பியிருந்தார். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: மூல காரணம், எடுத்த நடவடிக்கை.

கீற்றுகளைப் பிரித்தெடுத்துத் தண்ணீரில் போட்டேன். மிதந்தன. சூடான கம்பியை வைத்தேன். உருகின. பிளாஸ்டிக் என்று எழுதினேன். ஆலைக்குள் நீலமாக என்ன போயிருக்கும் என்று தேடினோம். சூப்பர்வைசர் சாகுல் வந்து, வெள்ளிக்கிழமைகளில் பேச்சியம்மாள் நீலக் கேரி பையில் பூ வாங்கி வருவாள் என்றான். என் அறைக்குக் கூப்பிட்டேன்.

"பையில என்ன கொண்டுவந்த?"

"பூவு சார். வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல வாங்குனது. மேடையில நிக்க நாலு பேருக்கும் சேத்து."

"பை எங்க?"

"கேட்லயே வாங்கி வச்சுக்கிட்டாவ சார். பூவ மட்டும் கையில வாங்கிட்டு உள்ள வந்தேன்."

கேட்டில் பிடுங்கும் ஒவ்வொரு பையும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது விதி. அதையும் எழுதியவன் நான். பதிவேட்டைப் புரட்டினால் அந்த மாதம் முழுவதும் ஒரு பதிவுகூட இல்லை. காவலாளிக்கு நினைவில்லை. பதிவேட்டில் இல்லாதது நடக்கவில்லை என்பதே எங்கள் தொழிலின் ஆதாரம். ஆகவே பை உள்ளே போயிருக்கிறது.

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்திக்கிடுங்க சார். நான் கொண்டாந்தேன்னு மட்டும் எழுதாதிய."

எழுதினேன். மூல காரணம்: பணியாளர் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பையை உள்ளே கொண்டுவந்தது. எடுத்த நடவடிக்கை: பணியாளர் நீக்கம். அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொன்னேன், மற்றவர்களுக்குப் பாடமாக. எங்கள் ஊர் ஆலைகளில் தரம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதன் பிறகு எந்த ஆலையும் அவளைச் சேர்க்கவில்லை.

பிறகும் இரண்டு முறை நீலக் கீற்று வந்தது. பழைய இருப்பு என்று பதில் எழுதினேன். அப்புறம் தொப்பி சப்ளை செய்தவர் தாமதம் செய்ததால் பர்ச்சேஸ் பிரிவில் பருத்தித் துணித் தொப்பி தைத்துக் கொடுத்தார்கள். புகார் நின்றது. ஆண்டுக் கூட்டத்தில் என் நடவடிக்கையைப் பாராட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்று நுண்ணோக்கியிலும் பார்த்தேன். பை கிழிந்தால் பட்டையாக, ஓரம் பிசிறோடு இருக்கும். நான் பார்த்தவை உருண்ட இழைகளாக, ஒரே பருமனில், அழகாக இருந்தன. பை உருகுகிற சூடு வேறு, தொப்பி உருகுகிற சூடு வேறு. அதை அளக்கிற கருவி அடுத்த மேசையில் இருந்தது. பத்து நிமிட வேலை.

4

சாகுல் இப்போது ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். இங்கே காலை, அங்கே மதியம்.

"என்ன சார், தொர நாட்டுல இருந்து திடீர்னு. ஆடிட்டா?"

"ஆடிட்தான். சாகுல், அந்த நீலத் தொப்பி ஞாபகம் இருக்கா?"

"எது, பொம்பளையாளுவ போடுவாளுவளே, அதா? ஏன் இல்லாம. மாசக் கடைசியில பாக்கணுமே சார், தலையில பாதி இருக்கும் மீதி இருக்காது. தொவச்சுத் தொவச்சு மொட்டமாடியில காயப் போட்டு... கேட்டா, சார் சுத்தமா வச்சுக்கச் சொல்லியிருக்காருன்னு சொல்லுவாளுவ."

"கிழிஞ்சது எங்க போச்சு?"

கடையில் யாரோ ரீசார்ஜ் கேட்கும் சத்தம் வந்தது. "செத்த நேரம் இருப்பா" என்று அவரிடம் சொன்னான். அப்புறம் என்னிடம், "சார்... அய்யய்ய" என்றான்.

பேச்சியம்மாள் எங்கே என்று கேட்டேன்.

"வத்திராயிருப்புப் பக்கந்தான். குப்பை தரம் பிரிக்கிற ஷெட்டுல வேல. பிளாஸ்டிக்தான் பிரிக்கா. நாலஞ்சு வருசமாச்சு." நான் கேட்காமலேயே தொடர்ந்தான். "பழச எதுக்கு சார் இப்பக் கிண்டிக்கிட்டு. உங்களுக்கும் வயசாச்சு."

"நம்பர் இருந்தா குடு."

"அந்தப் பையி விசயத்த உங்ககிட்டச் சொன்னது நான்தான சார்" என்றான். அரைமணி நேரத்தில் எண்ணை அனுப்பிவிட்டான்.

எண் கையில் இருந்தும் ஒன்பது நாள் நான் அதைத் தொடவில்லை. அந்த ஒன்பது நாளில் முறைப்படி என்ன செய்யலாம் என்று யோசித்தேன். முடிந்த புகாரைத் திறக்க ஒரு வழிமுறை உண்டு. மேலாளர் ஒப்புதல் வேண்டும். மேலாளர் இறந்துவிட்டார். கோப்புகளை ஏழு வருடம் வைத்திருந்து அழிக்க வேண்டும் என்று நானே வரையறுத்திருக்கிறேன். அழித்திருப்பார்கள், என் ஆட்கள் ஒழுங்கானவர்கள். ஆலையும் கைமாறிவிட்டது. திருத்தத்தை எழுதினாலும் அதைச் சேர்க்க ஒரு கோப்பு உலகத்தில் கிடையாது. என் கையெழுத்திட்ட காகிதம் மக்கிப்போய்விட்டது. அது சொன்ன சொல் மட்டும் ஒரு பெண்ணின் மேல் பதினான்கு வருடமாக அப்படியே கிடக்கிறது.

5

"ஆரு?"

பெயரைச் சொன்னேன். ஆலையின் பெயரையும் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியுது சார். சத்தம் மாறல. நல்லாருக்கியளா? அம்மா நல்லாருக்காவளா?"

மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது என்றேன். அவள் உச்சுக்கொட்டினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்கு சார். வண்டி வந்து கொட்டும். பிரிப்போம். பாட்டிலு தண்ணியில முங்கும், அது மூடி மெதக்கும். அத வச்சுப் பிரிச்சிருவேன். மத்தவளுவ பாட்டில்ல போட்டிருக்க நம்பரத் தேடிக்கிட்டு இருப்பாளுவ." சிரித்தாள். "எல்லாம் உங்க மேடையில படிச்சதுதான்."

நான் சொன்னேன். நீல இழை பையிலிருந்து வரவில்லை, தொப்பியிலிருந்து வந்தது. தொப்பி வெயிலில் நொறுங்கியது. அப்படி ஆகும்படி விதி எழுதியது நான். தவறு முழுவதும் என்னுடையது. இரவல் மொழியில் சொல்லி ஒருமுறை உளறியது போதும் என்று, ஒவ்வொரு சொல்லாக நிதானித்துச் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"எனக்கு வேலையே அதான சார், பஞ்சுல என்ன வருதுன்னு பாக்கது. காலையில எந்திரிச்சா தலகாணியில நீலப் பொடியாக் கெடக்கும். மேடையிலயும் அதே பொடி. எடுத்து எடுத்து டப்பாவுல போட்டேன், எம்புட்டு எடுக்க முடியும்? அன்னிக்கு ரூமுலயே சொல்ல வந்தேன். நீங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னிய."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதுதான். எல்லா விசாரணையிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். எழுத்து மூலமாகத் தருகிறேன், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புகிறேன் என்றேன்.

"யாருக்கு சார் அனுப்புவிய? மில்லுதான் கை மாறிட்டே." பிறகு சொன்னாள். "ஊரு நெனச்சா நெனச்சுட்டுப் போவட்டும். எனக்கு அது பெருசில்ல. எம் மவ இருக்கா பாருங்க, அப்பப் பன்னெண்டு வயசு அவளுக்கு. போர்டுல ஒட்டியிருந்தத ஆரோ இவ பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிட்டாவ. இன்னிக்கும் வீட்டுல ஒரு சண்டைன்னா, அவ வாயத் தொறந்தா, ஒரு பைய வெளிய வச்சுட்டுப் போவ ஒனக்குத் தெரியல, அதுலதான் நம்ம பொழப்பே போச்சுன்னுதான் சொல்லுதா. நான் இல்லட்டின்னா, நம்ப மாட்டா. படிச்சவரு எழுதுவாரா பொய்யி, அப்படிங்கா. இப்ப இங்கதான் இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க சார். அம்புட்டுப் போதும்."

தொலைபேசி கைமாறும் சத்தம் கேட்டது. "ஏட்டி, இந்தா. மில்லு சாரு. அவிய பேசணுமாம்."

"சொல்லுங்க சார்" என்றது ஓர் இளம் குரல்.

நான் ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் பஞ்சு பொறுக்கும் பிரிவில் பயன்படுத்தப்பட்ட தலையுறை ஒருவகைப் பொருளால் ஆனது என்றும், அதன் தன்மை குறித்து உரிய கவனம் செலுத்தப்படவில்லை என்றும் சொல்லிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த ஒரே மொழி அதுதான்.

"சார், அதெல்லாம் எனக்குப் புரியாது. அம்மா பைய உள்ள கொண்டு போனாளா, இல்லையா?"

"இல்லை."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். உங்க அம்மா கொண்டுபோகலை. நான் தப்பா எழுதினேன்."

துண்டித்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம், தொலைபேசியை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "விடுட்டி, விடு" என்று பேச்சியம்மாளின் குரல் தூரத்தில்.

"சார்."

"சொல்லும்மா."

"பொறவு ஏன் அப்படி எழுதுனிய?"

முப்பத்தோரு வருடத்தில் எந்தத் தணிக்கையாளரும் என்னிடம் கேட்டுப் பதில் வாங்காமல் போனதில்லை. நுண்ணோக்கியைப் பற்றிச் சொல்லலாம், பதிவேட்டைப் பற்றிச் சொல்லலாம், காவலாளியைப் பற்றிச் சொல்லலாம். எல்லாம் உண்மையாகவே இருக்கும்.

"அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் அனுப்பணும்னு இருந்தது" என்றேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."